வேர்ட்பிரஸ் தீமின் நிறத்தையும் லோகோவையும் தனி ஸ்கிரிப்ட்டில் எடுப்பது எப்படி?

தையல் வகுப்பு நடத்தும் தோழி ஒருவரின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தளம் வேர்ட்பிரஸ். ஆனால் கட்டண ரசீது அச்சிடும் பக்கம் மட்டும் அதற்கு வெளியே இருக்கிறது. நானே எழுதிய சின்ன பிஎச்பி ஸ்கிரிப்ட். ஒருநாள் அவர் கஸ்டமைசருக்குள் (தளத்தின் தோற்றத்தை மாற்றும் திரை அது) போய்த் தளத்தின் பச்சை நிறத்தைச் செங்கல் நிறமாக்கினார், லோகோவையும் மாற்றினார். தளம் புதுசாகிவிட்டது. ரசீது மட்டும் பழைய பச்சைப் பட்டையும் பழைய லோகோவுமாக வந்தது. "இது யாரோ வேற ஆள் கொடுத்த ரசீது மாதிரி இருக்கே" என்றார். நிறத்தை ஸ்கிரிப்டுக்குள் கையால் எழுதி வைத்திருந்தது என் தப்பு.

சரி, நிறம் என்ன என்று தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமையே கேட்டுவிடலாம் என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: வேர்ட்பிரஸை இரண்டே வரியில் ஸ்கிரிப்டுக்குள் இழுத்துக்கொள், அப்புறம் அமைப்பைக் கேள். அந்த இரண்டு வரியும் வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் கூப்பிட்டது ஒருவரை, வந்தது குடும்பமே என்ற கதைதான். நிறத்தைக் கேட்கப் போய் என் ரசீதில் தேதி தப்பாக வந்தது, சிலருடைய பெயருக்குள் சாய்கோடு முளைத்தது. ஆகவே அந்த இரண்டு வரிக்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும், பின்னால் என்ன கெடும், அவை இல்லாமலே முடியுமா என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிஎச்பியில் ஃபங்ஷன் என்றால் என்ன, அர்ரே என்றால் என்ன என்று தெரிந்தால் போதும்.

ஒரு குறிப்பு. ஃபங்ஷன் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் நான் காட்டியிருக்கும் அடிக்கோட்டோடு, இடைவெளி விடாமல் எழுத வேண்டும். மாறிலிகள் என்று நான் சொல்பவை மட்டும் பெரிய எழுத்தில்.

அமைப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது?

பலர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் அவசரப்பட வேண்டாம். "தீம் அமைப்பு" என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம்.

முதல் இடம், தீம் மாட். 2012இல் வேர்ட்பிரஸ் 3.4உடன் கஸ்டமைசர் வந்ததிலிருந்து பெரும்பாலான தீம்கள் பயன்படுத்தும் வழி. தரவுத்தளத்தில் டபிள்யூபி_ஆப்ஷன்ஸ் என்ற அட்டவணையைத் திறந்தால் தீம்_மாட்ஸ்_ என்று தொடங்கும் வரிசை ஒன்று இருக்கும். அதன் வாலில் தீம் ஃபோல்டரின் பெயர் ஒட்டியிருக்கும். நிறம், லோகோ, மெனு இடங்கள் எல்லாம் ஒரே அர்ரேயாக மடித்து அந்த ஒரு வரிசையில் வைக்கப்பட்டிருக்கும்.

வாலில் இருக்கும் பெயரைக் கவனியுங்கள். சைல்ட் தீம், அதாவது வேறொரு தீமைத் தாயாகக் கொண்டு அதன்மேல் மாற்றங்கள் செய்யும் தீம், பயன்படுத்தினால் அங்கே சைல்டின் பெயர்தான் வரும், மூலத் தீமின் பெயர் வராது. அதே அட்டவணையில் ஸ்டைல்ஷீட் என்ற வரிசையும் டெம்ப்ளேட் என்ற வரிசையும் தனித்தனியாக இருக்கின்றன. ஸ்டைல்ஷீட் என்பது இப்போது ஓடும் தீம், டெம்ப்ளேட் என்பது அதன் தாய். சைல்ட் தீமுக்கு மாறியதும் "என் கலரெல்லாம் போச்சே" என்று அலறுவதற்குக் காரணம் இதுதான். நிறங்கள் எங்கும் போகவில்லை, அம்மா பெயரில் இருக்கும் வரிசையிலேயே பத்திரமாக இருக்கின்றன. நமக்கு வேண்டியது எப்போதும் ஸ்டைல்ஷீட்.

இரண்டாம் இடம், தீமின் சொந்த ஆப்ஷன். சில தீம்கள் தமக்கென்று தனி வரிசை வைத்துக்கொள்கின்றன. ஆஸ்ட்ரா தீம் 'ஆஸ்ட்ரா-செட்டிங்ஸ்' என்ற பெயரில் வைக்கிறது, ஜெனரேட்பிரஸ் 'ஜெனரேட்_செட்டிங்ஸ்' என்று வைக்கிறது, டிவி (Divi) தீமுடையது 'இடி_டிவி' (et_divi). இவற்றைத் தீம் மாட் வழியாக எத்தனை முறை கேட்டாலும் கை விரிப்பார்கள். கெட்_ஆப்ஷன் என்ற ஃபங்ஷனிடம் வரிசையின் பெயரைக் கொடுத்து முழு அர்ரேயையும் வாங்கி, அதற்குள் தேட வேண்டும்.

மூன்றாம் இடம், பிளாக் தீம்கள். 2022 ஜனவரியில் வந்த 5.9 முதல் தளம் முழுவதையும் எடிட்டரிலேயே வடிவமைக்கும் தீம்கள் வந்துவிட்டன. அவற்றில் அடிப்படை நிறங்கள் தீம் ஃபோல்டரில் இருக்கும் தீம்.ஜேசன் கோப்பில் இருக்கும். நீங்கள் எடிட்டரில் மாற்றியவை ஒரு பதிவாக, டபிள்யூபி_குளோபல்_ஸ்டைல்ஸ் என்ற பதிவு வகையில் சேமிக்கப்படும். இரண்டையும் சேர்த்துத் தருவதற்கு டபிள்யூபி_கெட்_குளோபல்_செட்டிங்ஸ், டபிள்யூபி_கெட்_குளோபல்_ஸ்டைல்ஸ் என்று இரண்டு ஃபங்ஷன்கள் 5.9இலேயே வந்தன. முதலாவது, எந்தெந்த நிறங்கள் தட்டில் இருக்கின்றன என்று சொல்லும். இரண்டாவது, எதற்கு எந்த நிறம் பூசியிருக்கிறது என்று சொல்லும்.

உங்கள் தீம் இதில் எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி: டாஷ்போர்டில் தோற்றம் என்ற பகுதிக்குக் கீழே 'எடிட்டர்' என்று இருந்தால் பெரும்பாலும் பிளாக் தீம். 'கஸ்டமைஸ்' மட்டும் இருந்தால் தீம் ஃபோல்டருக்குள் ஆட்_செட்டிங் என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் அடைப்புக்குறிக்குள் முதலில் இருப்பதுதான் அமைப்பின் பெயர். கூடவே டைப் என்பதற்கு எதிரே 'ஆப்ஷன்' என்று எழுதியிருந்தால் இரண்டாம் வகை. ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் தீம் மாட் என்றே பொருள்.

தோழியின் தளத்தில் தீம் மாட்தான். அமைப்பின் பெயர் ஹெடர்_கலர். மீதியை அதை வைத்தே சொல்கிறேன்.

வேர்ட்பிரஸை உள்ளே அழைப்பது

தளத்தின் மூல ஃபோல்டரில், டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே, டபிள்யூபி-லோட்.பிஎச்பி என்று ஒரு கோப்பு இருக்கும். அதுதான் வாசல். அது கான்ஃபிக் கோப்பைத் தேடிப் பிடிக்கும். மூல ஃபோல்டரில் இல்லையென்றால் ஒரு படி மேலேயும் பார்க்கும். அந்தக் கான்ஃபிக் கோப்பின் கடைசி வரி மற்ற எல்லாவற்றையும் ஏற்றும்: தரவுத்தள இணைப்பு, ப்ளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), தீமின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி, எல்லாம்.

என் ஸ்கிரிப்ட் மூல ஃபோல்டருக்குள் 'ரசீது' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. அப்படியானால் முதல் வரி இப்படி இருக்க வேண்டும்: ரிக்வயர்_ஒன்ஸ் என்று எழுதி, டிர்நேம் ஃபங்ஷனுக்குள் டிர் என்ற மாறிலியைப் போட்டு, அதன் முடிவோடு '/டபிள்யூபி-லோட்.பிஎச்பி' என்பதை ஒரு புள்ளியால் ஒட்ட வேண்டும். டிர் மாறிலிக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் உண்டு. ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர் எது என்பதை அது சொல்லும். டிர்நேம் அதிலிருந்து ஒரு படி மேலே ஏற்றும்.

இரண்டு புள்ளி, சாய்கோடு என்று சுருக்கமாக எழுதினால் ஆகாதா? பிரவுசரில் ஆகும். அதே ஸ்கிரிப்டைக் கிரான் வேலையாக, அதாவது குறித்த நேரத்தில் சர்வரே தானாக ஓட்டும்படி, விட்டால் ஆகாது, ஏனென்றால் அப்போது கணக்கு ஸ்கிரிப்டின் ஃபோல்டரிலிருந்து தொடங்காமல், கிரான் நிற்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும். பாதை எப்போதும் முழுப் பாதையாக இருக்கட்டும். அதேபோல இந்த வரியை எந்த ஃபங்ஷனுக்குள்ளும் வைக்காமல் கோப்பின் தலையிலேயே வையுங்கள். ஃபங்ஷனுக்குள் வைத்தால் குளோபலாக இருக்க வேண்டிய மாறிகள் அந்தச் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஏதாவது ஒரு ப்ளகின் விநோதமாகக் கோளாறு செய்யும். நீங்கள் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

பழைய கட்டுரைகளில் டபிள்யூபி-லோடுக்குப் பதிலாக டபிள்யூபி-பிளாக்-ஹெடர்.பிஎச்பியை அழைக்கச் சொல்லியிருப்பார்கள். வேண்டாம். அது லோட் செய்வதோடு நிற்காமல், வந்த முகவரிக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்றும் தேடப் போகும். உங்கள் ரசீதின் முகவரிக்கு அப்படி ஒரு பதிவே இல்லை. ஆகவே பக்கம் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் 404 என்ற நிலையை அனுப்பிவிடும்.

இன்னொரு மாறிலியையும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுப்பார்கள்: டபிள்யூபி_யூஸ்_தீம்ஸ். அதை ஃபால்ஸ் ஆக்கினால் தீம் ஏறாது, சுமை குறையும் என்று நம்பிக்கை. நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அது டெம்ப்ளேட் கோப்புகளை ஏற்றும் கடைசிக் கட்டத்தை மட்டுமே தடுக்கிறது. தீமின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி அதற்கு முன்பே ஏறி முடிந்துவிடும். டபிள்யூபி-லோடை மட்டும் அழைக்கும் நமக்கு அந்த மாறிலியால் சுமை ஒன்றும் குறையப்போவதில்லை.

அமைப்பைக் கேட்பது

இப்போது அடுத்த வரி: கெட்_தீம்_மாட்( 'ஹெடர்_கலர்', '#993300' ). திரும்பி வருவதுதான் நிறம்.

இரண்டாவதாகக் கொடுத்திருக்கும் '#993300' சும்மா அலங்காரத்துக்கு இல்லை. தீம் எழுதியவர் கஸ்டமைசரில் "இதன் இயல்பு நிறம் செங்கல்" என்று குறித்திருந்தாலும், பயனர் ஒருமுறையாவது அதை மாற்றிச் சேமிக்காத வரை தரவுத்தளத்தில் ஒன்றுமே இருக்காது. கஸ்டமைசர் திரையில் செங்கல் தெரியும். கெட்_தீம்_மாட் மட்டும் ஃபால்ஸ் என்று தரும். கஸ்டமைசருக்குச் சொன்ன இயல்பு மதிப்பு இந்த ஃபங்ஷனின் காதுக்கு எட்டாது. அதனால்தான் நாமே ஒரு இயல்பு மதிப்பைக் கையில் கொடுத்தனுப்புகிறோம். தீமின் ஆட்_செட்டிங் வரியில் டிஃபால்ட் என்பதற்கு எதிரே இருப்பதையே இங்கும் போடுங்கள். "சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்குச் செய்யவில்லை" என்று புலம்பும் கேள்விகளில் பாதி இந்த ஒரே காரணத்தால் வருபவை என்பது என் அனுபவம்.

அடுத்து, நிறத்தின் முன்னால் நிற்கும் # குறி. வேர்ட்பிரஸ் தானே வைத்திருக்கும் பின்னணி நிறமும் தலைப்பு எழுத்து நிறமும் # இல்லாமல் சேமிக்கப்படுகின்றன. தீம்கள் தாமாகச் சேர்க்கும் நிறங்கள் பெரும்பாலும் # உடன் இருக்கும். எதையும் நம்பாமல், முன்னால் இருக்கும் #ஐ எல்ட்ரிம் கொண்டு உதிர்த்துவிட்டு நாமே ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. தலைப்பு எழுத்து நிறத்தில் மட்டும் கூடுதலாக ஒரு சூட்சுமம்: தலைப்பையே காட்ட வேண்டாம் என்று பயனர் தேர்ந்தெடுத்திருந்தால் நிறத்தின் இடத்தில் 'பிளாங்க்' என்ற சொல் இருக்கும்.

லோகோ எப்படி? கஸ்டம்_லோகோ என்று கேளுங்கள். படத்தின் முகவரி வரும் என்று நினைத்தால் ஒரு எண்தான் வரும். ஊடக நூலகத்தில் அந்தப் படத்தின் ஐடி அது. அதை டபிள்யூபி_கெட்_அட்டாச்மென்ட்_இமேஜ்_யூஆர்எல் என்ற நீளப் பெயருக்குள் போட்டு, அளவுக்கு 'ஃபுல்' என்று சொன்னால் முகவரி கிடைக்கும். தளத்தின் பெயரும் சிறு விளக்கமும் தீம் மாட் இல்லை. கெட்_பிளாகின்ஃபோவிடம் கேட்க வேண்டும். தளத்தின் சின்ன ஐகானும் அப்படியே, சைட்_ஐகான் என்ற தனி ஆப்ஷனில் இருக்கிறது.

எந்தப் பெயரில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையா? கெட்_தீம்_மாட்ஸ் என்று பன்மையில் கேட்டால் எல்லாவற்றையும் அர்ரேயாகக் கொட்டும். பிரின்ட்_ஆர் போட்டுப் பாருங்கள். பார்த்து முடித்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள். அது தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கக் கூடாது.

பிளாக் தீம் என்றால் டபிள்யூபி_கெட்_குளோபல்_செட்டிங்ஸுக்குள் 'கலர்', 'பேலட்', 'தீம்' என்ற மூன்று சொற்களை அர்ரேயாகக் கொடுங்கள். தீமின் நிறத்தட்டு வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் பெயர், ஸ்லக் (குறியீட்டில் பயன்படும் சுருக்கப் பெயர்), நிறம் என்று மூன்று. ஸ்லக்கை வைத்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். தட்டில் எத்தனையாவது இடம் என்பதை வைத்து எடுத்தால், தீம் அடுத்த பதிப்பில் வரிசையை மாற்றும்போது உங்கள் ரசீதும் நிறம் மாறிவிடும்.

குடும்பத்தோடு வந்தவர்கள்

நிறம் சரியாகிவிட்டது, தோழிக்கும் மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி. விடியற்காலை வகுப்புக்கு வருபவர்களுக்கு முந்தைய நாள் தேதி போட்டு ரசீது வருகிறதாம்.

வேர்ட்பிரஸ் ஏறும்போதே பிஎச்பியின் நேரமண்டலத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று மாற்றிவிடுகிறது. தன் கணக்கை யூடிசியில் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது அதன் வழக்கம். நாமோ சும்மா டேட் என்று எழுதியிருப்போம். இந்திய நேரம் யூடிசியைவிட 5.30 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆக அதிகாலை 5.30க்கு முன் அச்சிடும் எந்த ரசீதிலும் நேற்றைய தேதிதான் வரும். பகல் முழுவதும் தேதி சரியாக இருக்கும் என்பதால் சோதித்துப் பார்க்கும்போது கண்ணில் படவே படாது. மருந்து: டேட்டுக்குப் பதில் டபிள்யூபி_டேட் என்று எழுதுங்கள், 5.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அமைப்புகள், பொது என்ற பக்கத்தில் நேரமண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது யூடிசியாகவே இருந்தால் டபிள்யூபி_டேடும் யூடிசியையே சொல்லும். நேரமண்டலத்தையே பழையபடி திருப்பி வைத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள், வேர்ட்பிரஸின் கணக்கு குழம்பும்.

அடுத்த விருந்தாளி, சாய்கோடு. படிவத்திலிருந்து வரும் தரவில், அதாவது கெட், போஸ்ட், குக்கி மூன்றிலும், மேற்கோள் குறிகளுக்கு முன்னால் வேர்ட்பிரஸ் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்த்துவிடும். பிஎச்பியில் ஒருகாலத்தில் இருந்து, பிற்பாடு நீக்கப்பட்ட ஒரு பழக்கம் அது. பழைய ப்ளகின்கள் அதை நம்பி எழுதப்பட்டவை என்பதால் வேர்ட்பிரஸ் இன்னும் கைவிடவில்லை. டி'சில்வா என்ற பெயருக்கு ரசீது போட்டால் நடுவில் ஒரு சாய்கோடு நிற்கும். நம் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலானவற்றில் மேற்கோள் குறி வராது; அதனால் இதுவும் சீக்கிரம் தெரியவராது. படிவத்திலிருந்து எடுக்கும் எதையும் டபிள்யூபி_அன்ஸ்லாஷுக்குள் போட்டு எடுத்தால் சரியாகும்.

பெயர் மோதலும் உண்டு. உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கும் ஒரு ஃபங்ஷனின் பெயர் வேர்ட்பிரஸிலோ ப்ளகினிலோ ஏற்கெனவே இருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் எழுதிய செயலியோடு சேர்த்தால் இது உறுதியாக இடிக்கும். மொழிபெயர்ப்புக்கு இருவரும் இரண்டு அடிக்கோடு மட்டுமே கொண்ட ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். லாராவெல் முதலில் ஏறியிருந்தால் வேர்ட்பிரஸ் அந்தப் பெயரை மறுபடி வைக்கப் போய் விழும். அந்த நிலையில் வேர்ட்பிரஸை உள்ளே இழுக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, கீழே சொல்லும் கோப்பு வழிக்குப் போங்கள்.

மல்டிசைட், அதாவது ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள், வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கட்டளை வரியிலிருந்து ஓட்டினால் எந்தத் தளம் என்று வேர்ட்பிரஸுக்குத் தெரியாது. லோட் செய்வதற்கு முன்பே சர்வர் அர்ரேயில் எச்டிடிபி_ஹோஸ்ட் (இதுவும் பெரிய எழுத்தில்) என்பதற்கு டொமைனைக் கொடுத்துவிட வேண்டும்.

சுமையைக் குறைக்க ஒரு பக்கவாசல்

ஒரு நிறத்துக்காக முப்பது ப்ளகின்களை ஏற்றுவது உறுத்துகிறதா? உறுத்த வேண்டும். லோட் செய்யும் வரிக்கு முன்னால் ஷார்ட்இனிட் என்ற மாறிலியை ட்ரூ என்று வரையறுத்தால் வேர்ட்பிரஸ் பாதியிலேயே நின்றுவிடும். தரவுத்தள இணைப்பும் கெட்_ஆப்ஷனும் கிடைக்கும். ப்ளகின்கள், தீம், கெட்_தீம்_மாட் கிடைக்காது.

அதனால் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். முதலில் கெட்_ஆப்ஷன்( 'ஸ்டைல்ஷீட்' ) என்று கேட்டுத் தீமின் பெயரை வாங்குங்கள். அதை 'தீம்_மாட்ஸ்_' என்பதோடு ஒட்டி மறுபடி கெட்_ஆப்ஷனிடம் கொடுங்கள். அர்ரே வரும். அதற்குள் ஹெடர்_கலர் இருக்கிறதா என்று இஸ்செட் போட்டுப் பார்த்து, இல்லையென்றால் இயல்பு நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இழப்பும் ஒன்று இருக்கிறது. கெட்_தீம்_மாட் வழியாகக் கேட்டால் அந்த மதிப்பை வழியில் யாராவது ஃபில்டர் (மதிப்பை இடைமறித்து மாற்றும் ஃபங்ஷன்) போட்டு மாற்றியிருந்தாலும் மாறிய மதிப்பே கிடைக்கும். வேர்ட்பிரஸே லோகோவுக்கு அப்படி ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறது. பிளாக் எடிட்டரில் லோகோவை மாற்றினால் அது சைட்_லோகோ என்ற ஆப்ஷனில் போய் உட்காரும், ஃபில்டர் அதை எடுத்துக் கொடுக்கும். பக்கவாசலில் வந்தால் அது தெரியாமல் பழைய லோகோவையே எடுப்பீர்கள். சாய்கோட்டுத் தொல்லை இந்த வழியில் இல்லை. நேரமண்டலத் தொல்லை இதிலும் உண்டு.

இன்னும் ஒரு படி போய், வேர்ட்பிரஸே வேண்டாம், தரவுத்தளத்தை நானே படிக்கிறேன் என்பவர்களும் உண்டு. படிக்கலாம். அட்டவணையின் முன்னொட்டு டபிள்யூபி_ என்றே இருக்கும் என்று நம்பாமல் கான்ஃபிக் கோப்பில் பாருங்கள். மடித்து வைத்த மதிப்பைப் பிரிக்க அன்சீரியலைஸ் வேண்டும். அதில் அலவுட்_கிளாசஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். ஆனால் அந்த வரிசையைக் கையால் திருத்தாதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து. யூனிகோட் அதை 7 குறியீடுகளாக வைக்கிறது, ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. தமிழ்ச் சொல்லை மாற்றிவிட்டு எழுத்தை எண்ணி நீளம் போட்டால் மொத்த அர்ரேயும் பிரியாது. நிறம், லோகோ, மெனு எல்லாம் ஒரே நேரத்தில் இயல்புக்குத் திரும்பிவிடும்.

நான் கடைசியில் செய்தது

ரசீது அச்சிடுவது தினமும். நிறம் மாறுவது வருடத்தில் இரண்டு முறை. தினமும் போய்க் கேட்பதைவிட, மாறும்போது தளமே வந்து சொல்லட்டும் என்று திருப்பிப் போட்டேன்.

டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் மு-ப்ளகின்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள், ஏற்கெனவே இல்லையென்றால். அதில் போடும் பிஎச்பி கோப்பு தானாகவே ஓடும், இயக்கு என்று யாரும் அழுத்த வேண்டியதில்லை. அந்தக் கோப்பில் கஸ்டமைஸ்_சேவ்_ஆஃப்டர் என்ற ஹூக்கில் (குறிப்பிட்ட வேளையில் நம் ஃபங்ஷனை வேர்ட்பிரஸ் ஓட்டுவதற்கான கொக்கி) ஒரு ஃபங்ஷனை மாட்டுங்கள். கஸ்டமைசரில் வெளியிடு என்று அழுத்தியதும் அது ஓடும். உள்ளே மூன்றே வேலை: கெட்_தீம்_மாட் கொண்டு நிறத்தையும் லோகோ முகவரியையும் எடுப்பது, டபிள்யூபி_ஜேசன்_என்கோட் கொண்டு ஜேசனாக்குவது, டபிள்யூபி_அப்லோட்_டிர் சொல்லும் ஃபோல்டரில் ஃபைல்_புட்_கன்டென்ட்ஸ் கொண்டு எழுதுவது. தீமே மாறினாலும் ஓட வேண்டும் என்றால் ஆஃப்டர்_ஸ்விட்ச்_தீம் ஹூக்கிலும் அதே ஃபங்ஷனை மாட்டுங்கள்.

ரசீது ஸ்கிரிப்டில் இப்போது வேர்ட்பிரஸ் என்ற பேச்சே இல்லை. அந்தச் சின்ன ஜேசன் கோப்பைப் படிக்கிறது, ஜேசன்_டிகோட் செய்கிறது, கோப்பு காணவில்லையென்றால் இயல்பு நிறத்தைப் போட்டுக்கொள்கிறது. தேதியும் சாய்கோடும் தாமாகவே சரியாகிவிட்டன. பிளாக் தீம்காரர்களுக்கு மட்டும் இந்த ஹூக் உதவாது, அவர்கள் கஸ்டமைசர் பக்கமே போவதில்லை. குளோபல் ஸ்டைல்ஸ் பதிவு சேமிக்கப்படும்போது ஓடும் சேவ்_போஸ்ட் ஹூக்கைப் பிடிக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது ரசீது இல்லை, தளத்துக்குள்ளேயே நிறம் மாறும் சிஎஸ்எஸ் மட்டும்தான் என்றால் தனி ஸ்கிரிப்டே தேவையில்லை. ஸ்டைல்.பிஎச்பி என்று ஒன்று வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் வேர்ட்பிரஸை இரண்டு முறை ஏற்றுவது அந்தக் காலத்துப் பழக்கம். தீமின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பியில் டபிள்யூபி_ஆட்_இன்லைன்_ஸ்டைல் போட்டால் வேலை முடிந்தது. சர்வரில் கட்டளை வரி வசதி இருந்து, டபிள்யூபி-சிஎல்ஐ நிறுவியிருந்தால், கிரான் வேலைகளுக்கு அதன் இவால்-ஃபைல் கட்டளை நல்லது. வேர்ட்பிரஸை ஏற்றும் பொறுப்பை அதுவே எடுத்துக்கொள்ளும். வேறு சர்வரில் இருக்கும் செயலிக்கு நிறம் வேண்டுமென்றால் வேர்ட்பிரஸ் பிற செயலிகளுக்குத் தரவு கொடுக்கும் வழியான ரெஸ்ட் ஏபிஐயில் ஒரு முகவரி பதிவு செய்து, தேவையான இரண்டு மதிப்பை மட்டும் கொடுங்கள்.

பூட்டும் தாழ்ப்பாளும்

வேர்ட்பிரஸை ஏற்றும் ஸ்கிரிப்ட் பொது ஃபோல்டரில் இருந்தால், முகவரி தெரிந்த எவரும் அதை ஓட்டலாம். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் என்றால் லோட் செய்த உடனே கரன்ட்_யூசர்_கேன் போட்டு அனுமதி பாருங்கள். இல்லாதவர்களுக்கு 403 கொடுத்து நிறுத்துங்கள். லோட் கோப்பின் பாதையை யூஆர்எல்லிலிருந்து வாங்கும் ஸ்கிரிப்ட்களைப் பழைய தீம்களில் பார்த்திருக்கிறேன். திருடனைக் கூப்பிட்டுச் சாவி கொடுப்பது அது. தீமிலிருந்து வந்த மதிப்பு என்பதால் அப்படியே அச்சிடவும் வேண்டாம்: நிறத்தைச் சானிடைஸ்_ஹெக்ஸ்_கலரிலும், லோகோ முகவரியை எஸ்க்_யூஆர்எல்லிலும், பெயரை எஸ்க்_எச்டிஎம்எல்லிலும் போட்டு எடுங்கள். சானிடைஸ்_ஹெக்ஸ்_கலர் #ஐ எதிர்பார்க்கும், ஆகவே #ஐச் சேர்த்த பிறகு.

எல்லாம் செய்தும் நிறம் மாறவில்லை என்றால் பார்க்க வேண்டியவை. கஸ்டமைசரில் வெளியிடு அழுத்தினீர்களா? முன்னோட்டத்தில் தெரிவது இன்னும் தீம் மாட்டுக்குள் போகவில்லை. ஸ்டைல்ஷீட் வரிசையில் சைல்டின் பெயர் இருந்து, நீங்கள் தாயின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அமைப்பின் பெயரில் அடிக்கோடா, நடுக்கோடா? கேஷ் ப்ளகின் பழைய பக்கத்தையே காட்டுகிறதா? ஜேசன் கோப்பில் புது நிறம் வந்தும் ரசீதில் வரவில்லையென்றால் கோளாறு ஸ்கிரிப்டில். ஜேசன் கோப்பிலேயே வரவில்லையென்றால் அப்லோட்ஸ் ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதல் முறை அதுதான் இல்லை.